மொத்தத்தில் குறையில்லை

"எப்படி இருக்கீக?" என்று அக்காவிடம் மரியாதைக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது. "எப்ப?" என்று திருப்பிக் கேட்பாள். காலையில் எழுந்தபோதா, பஸ்ஸில் இடிபட்டு நின்றபோதா, இப்போதா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வைத்திருப்பாள். எங்கள் கல்லூரி முதல்வர் ஒரு நாள் வராந்தாவில் எதிர்ப்பட்டுத் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். "காலையில நல்லா இருந்தேன் சார். அப்புறம் உங்க சர்க்குலர் வந்துச்சு. அதுலேர்ந்து நல்லா இல்ல," என்றாள். அதற்குப் பிறகு அக்கா எதிரே வந்தால் அவர் கையிலிருக்கும் காகிதத்தைப் படித்துக்கொண்டே நடப்பார். காகிதம் இல்லாவிட்டால் உள்ளங்கையைப் படிப்பார்.

ராமநாதபுரத்துக்கு வெளியே, கருவேலங்காட்டை வெட்டித் திருத்திக் கட்டிய தனியார் கல்லூரி அது. அக்கா இயற்பியல், நான் வேதியியல். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். டவுனில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் அக்கா. அவளுக்கு நான் "புள்ள". பெயர் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை, எனக்கும் இங்கே அவள் பெயரைச் சொல்ல இஷ்டமில்லை.

என் ஊர் ராமேஸ்வரம். அப்பா அங்கே ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். அக்காவுக்கு முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமம். மழை பெய்தால் நெல்லும் மிளகாயும், பெய்யாவிட்டால் வெறும் வானமும் விளைகிற பூமி. அங்கே பிறந்ததால்தானோ என்னவோ, "பரவாயில்ல", "எல்லாம் சரியாப் போயிரும்", "மொத்தத்துல குறையில்ல" போன்ற பேச்சுகளைக் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். நான் வைத்த சாம்பாரைக் கூட அப்படித்தான் தின்பாள். "முதக் கரண்டில உப்பு இல்ல, கடைசிக் கரண்டில கரிக்குது. நீ அளவாத்தான் போட்டிருக்க, கலக்கல." சாம்பாருக்கு இப்படி ஒரு விமரிசனம் கேட்டு யாருக்காவது பழக்கமுண்டா? வாரத்தில் பாதி நாள் எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

அவளுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது சராசரி. ஆசிரியர் கூட்டத்தில் நிர்வாகம் வகுப்புச் சராசரி மதிப்பெண்ணை வாசித்து, எல்லோரையும் கைதட்டச் சொல்லும். அக்கா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பாதிப் பேரு டவுன் ஸ்கூல்ல படிச்சுட்டு வந்ததுக. மீதிப் பாதி பெயிலு. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டுக் கைதட்டச் சொல்றீக. அந்தச் சராசரி மார்க்கு வாங்குன புள்ள ஒண்ணக் காட்டுங்க சார், தட்டுறேன்," என்று ஒரு தடவை எழுந்து கேட்டே விட்டாள். காட்ட ஆளில்லை.

இந்த வெறுப்பு எங்கே முளைத்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு அவள் ஊரில் நெல் பால் பிடிக்கும் முன்பே கருகிவிட்டது. வறட்சி நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்க அவள் அப்பா வந்திருந்தார், அவளுக்கு அவர் அய்யா. தனியாகப் பேசத் தெரியாத மனிதர். அக்கா கூடப் போனாள், அவளுக்குத் துணையாக நானும் போனேன். அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான்: மழைமானி இருப்பது டவுனில். அந்த வட்டாரத்துக்கு அந்த வருடம் வழக்கமான மழை பெய்திருக்கிறது. அதனால் வறட்சி இல்லை.

"டவுனுல பேஞ்சுச்சு சார். எங்க ஊருல பேயல. எங்க கம்மாய்ல ஆடு மேயுது," என்றாள் அக்கா.

"உங்க ஊருக்கு மட்டும் தனியா மானி கிடையாதேம்மா. மொத்த வட்டாரத்துக்கும் பார்த்தா மழை குறையலை."

"மொத்தத்துக்குப் பேஞ்ச மழையில எங்க அய்யா எப்படி சார் நாத்து நடுவாரு?"

அதிகாரி சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, வேறு என்ன செய்வது என்று தெரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அய்யா எழுந்து அவருக்குக் கும்பிடு போட்டார். அந்தக் கும்பிட்டைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் குடிக்காமலே நின்றாள்.

அவளுடைய ஆராய்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பக்கத்து மாவட்டத்தில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். நாங்கள் அவரைக் கைடு என்போம். அவர் புராஜக்ட்டில் வந்த குறைக்கடத்தி லேசர்களில் இரண்டை இவளிடம் கொடுத்திருந்தார். கடுகுக்குள் ஒளித்து வைக்கலாம், அவ்வளவு சின்னது. அதிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒளியைக் கொண்டு கடல்நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளக்கும் கருவி ஒன்றைக் கைடு செய்துகொண்டிருந்தார். அதற்கு அரசாங்கப் பணம் வந்திருந்தது. லேசர் எவ்வளவு சீராக எரிகிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டியது அக்கா வேலை.

கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் பழைய நாற்காலிகள் போட்டுவைக்கும் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். மணல் நிரப்பிய லாரி டியூப்பின் மேல் கடப்பாக் கல்லைப் போட்டு மேசையாக்கிக்கொண்டாள். உச்சிப்புளியிலிருந்து கடற்படை ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனால்கூட அந்தக் கல் அசையாது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒளியின் அளவைக் காட்டும் திரையில் ஒரு பச்சைக்கோடு ஆடாமல் அசையாமல் கிடந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தானக்கா இருக்கு."

"ம்ம். எல்லாரும் அதான் சொல்லுவாக. இப்பப் பாரு."

ஒளி போகும் வழியின் நடுவில் நிகோல் பட்டகம் என்கிற படிகத் துண்டு ஒன்றை வைத்தாள். அது என்னுடையது. எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் சர்க்கரைக் கரைசலைச் சோதிக்கிற கருவி உடைந்தபோது, நான் எடுத்து வைத்திருந்ததைக் கடன் வாங்கியிருந்தாள். வைத்ததுதான் தாமதம், கோடு பேய் பிடித்த மாதிரி குதிக்க ஆரம்பித்தது.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ஒளிக்கு அதிர்கிற திசை என்று ஒன்று உண்டு. பாடப்புத்தகம் தளவிளைவு என்கிறது. இந்த லேசரில் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் ஒளி நிமிர்ந்த திசையிலிருந்து படுத்த திசைக்குப் புரள்கிறது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதற்கு நிலைகொள்ளாது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தாவிக்கொண்டே இருக்கும். இது கூடினால் அது குறையும், அது கூடினால் இது குறையும். இரண்டையும் சேர்த்து அளந்தால் எதுவுமே நடக்காத மாதிரி கோடு படுத்துக் கிடக்கும். பட்டகம் ஒரு திசையை மட்டும் விடும். அப்போதுதான் கூத்து தெரியும்.

"ஒரு பானச் சோத்த ரெண்டு தட்டுல போடுற புள்ள. பானைய மட்டும் நிறுத்துப் பாக்குறவனுக்கு எந்தக் குறையும் தெரியாது. தட்டுக்கு முன்னால உக்காந்திருக்கவனக் கேளு."

சோறு என்றதும் அவள் அய்யா கும்பிட்டது எனக்கு நினைவு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

இதில் கைடுக்கு என்ன கஷ்டம் என்றால், அவர் கருவியில் ஒளி ஒரு கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்ப வேண்டும். சாய்ந்த கண்ணாடி இரண்டு திசைகளையும் ஒரே மாதிரி நடத்தாது. அதாவது அதுவும் அரைகுறைப் பட்டகம்தான். இந்தக் கூத்தெல்லாம் கருவிக்குள் போய், கடல் சும்மா இருக்கும்போதே உப்பு ஏறுவதாகவும் இறங்குவதாகவும் காட்டும். ஆனால் அவரோ, ஒளி மிகச் சீரானது என்று அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். இயற்பியல்காரர்கள் இரைச்சல் என்கிற இந்தக் கூத்தைப் பற்றி அக்கா ஓர் அத்தியாயம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "உங்க ஊர்ல எர்த்திங் சரியில்லம்மா. உப்புக்காத்து. வோல்டேஜ் ஆடுது, அதான் உன் கோடும் ஆடுது," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு தடவை இல்லை, போகும்போதெல்லாம்.

இந்தக் கடற்கரையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. மேலே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் பாவம் தொலைக்க வேண்டியிருக்கும். குடும்பத்தோடு கிளம்பி வருவார்கள். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்து, ரூம் போட்டு, அக்னி தீர்த்தத்தில் கடலாட்டி, கோயிலுக்குள் வாளியோடு ஆள் பிடித்துக் கிணறு கிணறாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, சாப்பாடு போட்டு ரயிலேற்ற வேண்டியது நம் பொறுப்பு. தாசில்தாருக்குக் கிளார்க் செய்வார், தலைமையாசிரியருக்கு வாத்தியார் செய்வார், கைடுக்கு மாணவி செய்வாள். யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். என் அப்பாவின் லாட்ஜில் பாதி அறைகள் இப்படித்தான் வாடகை இல்லாமல் நிரம்பும்.

தை அமாவாசைக்குக் கைடு மனைவியோடு வருகிறார் என்றதும் அக்கா என்னிடம் ரூம் கேட்டாள். "உங்க அத்தியாயத்தத் தூக்கி எறியுற ஆளுக்கு எங்க அப்பா ஏசி ரூம் குடுக்கணுமா?" என்று நான் கத்தினேன். அவள் கோபப்படவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"அவரு நம்ம லேபுக்கு வர மாட்டாரு. ராமேஸ்வரத்துக்கு வந்துதான ஆகணும். அங்கன வச்சுக் காட்டிப்புடுறேன். கரண்டே வேணாம், பாட்டரில ஓட்டுறேன். எர்த்திங்கும் இல்ல, வோல்டேஜும் இல்ல. காதால கேட்டா ஒத்துக்கிருவாரு புள்ள."

கேட்டால் ஒத்துக்கொள்வார். படித்தவள், அனுபவப்பட்டவள், அப்படித்தான் நம்பினாள். உண்மையைக் காட்டாததால்தான் உலகம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறது என்று ஒரு நினைப்பு.

பாட்டரிக்குத் திரை ஓடாது. அதனால் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்து, ஒளியை வாங்குகிற டிடெக்டரை அதன் ஸ்பீக்கரோடு இணைத்திருந்தாள். பார்க்க முடியாததைக் கேட்கலாம். எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்கில் வைத்துத் துணி சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாம்பன் பாலத்தில் காற்றடித்தபோது என் தோளைப் பிடிக்காமல் தூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று காலை முழுக்க நாங்கள் தீர்த்தமாட்டினோம். கூட்டத்தில் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டே, ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் நடுவில் கைடு கேட்டார், "என்னம்மா, அந்தச் சாப்டரை எடுத்துட்டியா?"

"இல்ல சார். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பத்து நிமிசம் குடுங்க சார், ஒண்ணு காட்டணும்."

தலையில் விழுந்த தண்ணீரில் அவர் பதில் எனக்குக் கேட்கவில்லை.

மத்தியானம் லாட்ஜ் அறையில், அவர்கள் வேறு உடுத்திச் சாப்பிட்டு முடித்த பிறகு, அக்கா மேசைமேல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். கைடு கட்டிலில் சாய்ந்தபடி துண்டால் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஈரப் புடவையை ஜன்னலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா லேசரை ஏற்றினாள். ஸ்பீக்கரில் மெல்லிய மூச்சு மாதிரி ஒன்று, வேறு சத்தமில்லை. பட்டகத்தை நடுவில் வைத்தாள். தகரக் கொட்டகையில் மழை அறைகிற மாதிரி அறையே இரைந்தது. எடுத்தாள், அமைதி. வைத்தாள், மறுபடி மழை.

கைடின் மனைவி புடவையை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார். "அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்தா சத்தம் நின்னுடுது. அப்ப சத்தம் நின்னுதா, இல்ல நமக்குக் கேக்கலையா?" என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவளிடம் ஒருவர் கேட்ட ஒரே சரியான கேள்வி அது.

கைடு எழுந்து வந்தார். மனைவியை நகரச் சொல்லிவிட்டுத் தானே பட்டகத்தைத் திருப்பினார். மின்சாரத்தைச் சிறிது கூட்டினார், குறைத்தார். கூட்டும்போது புரள்கிற இடமும் குறைக்கும்போது புரள்கிற இடமும் வேறாக இருப்பதை அவரே கண்டுபிடித்து, "ஆகா!" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் அவர் முகம் நன்றாக இருந்தது. பள்ளிக்கூடப் பையன் முகம். அக்கா என் கையைப் பிடித்து இறுக்கினாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் லேசரை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "அழகா செஞ்சிருக்கம்மா. இதுல தப்பே இல்ல," என்றார். பிறகு, "இதை எழுதாதே," என்றார்.

"சார்?"

"என் ரிப்போர்ட்ல சீரான ஒளின்னு இருக்கு. மொத்த ஒளியை அளந்தோம், சீரா இருந்துச்சு. அது பொய்யா?"

"பொய் இல்ல சார். பாதி."

"உன் பட்டத்துக்கு அந்தப் பாதி போதும்."

அவ்வளவுதான். மாலை ரயிலுக்கு நேரமாயிற்று என்று பெட்டியை மூடினார். ஸ்டேஷனில் அக்காதான் அவர் பெட்டியைத் தூக்கி வைத்தாள். அவர் மனைவி ஜன்னல் வழியாகக் கையில் இருந்த பிரசாதத்தில் கொஞ்சம் பிட்டு அக்காவுக்குக் கொடுத்தார்.

தப்பென்று சொல்லியிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள். இவர் சரி என்று சொல்லிவிட்டார். சரி என்று சொன்ன ஆளிடம் எதை நிரூபிப்பது? காட்டினால் போதும் என்றிருந்தவளுக்கு, காட்டிய பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. பாவி மனுஷன் அறியாதவனாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கே தோன்றியது.

ஒரு வருடத்துக்கு மேல் அக்கா அத்தியாயத்தை எடுக்க மறுத்தாள், அவர் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். இதற்குள் கல்லூரி நிர்வாகம் புதிதாக ஒன்றைச் சொன்னது. அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை. அக்காவின் ஊரில் மறுபடி மழை பொய்த்தது, மிளகாய்ச் செடி பூவோடு வாடியது. அய்யா உழவு மாடுகளை விற்றுவிட்டார். தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அடுப்பெரிவது அக்காவின் சம்பளத்தில் என்பது ஊருக்கே தெரியும்.

"எடுத்துத் தொலைங்கக்கா. உங்களுக்கு எதுக்கு இந்த அரிச்சந்திர வேஷம்? அந்த லேசரா உங்க அய்யாவுக்குச் சோறு போடப்போகுது?" என்று நான்தான் கத்தினேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு அதில் வருத்தமில்லை. அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்கள் மேல்தான் வயிறு எரிகிறது.

எடுத்துவிட்டாள். "பொய்யா ஒண்ணும் எழுதல புள்ள. இருந்தத எடுத்தேன், அவ்வளவுதான்," என்றாள். நான் கேட்காமலே இரண்டு மூன்று தடவை இதைச் சொன்னாள்.

வாய்மொழித் தேர்வுக்கு அய்யாவும் ஆத்தாவும் வந்திருந்தார்கள். அய்யா சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் லட்டும் மிக்சரும் பாதாம்பாலும் மாணவி செலவு, அதுதான் வழக்கம். கேள்விகளும் வழக்கமானவை, யார் எதைக் கேட்பார்கள் என்று முன்பே பேசிவைத்தவை. ஆனால் வெளி மாநிலத்திலிருந்து வந்த தேர்வாளர் மட்டும் யாரிடமும் எதையும் பேசிவைக்காத கிழவர். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிகவும் தன்மையாக ஆங்கிலத்தில் கேட்டார்: மொத்த ஒளியை அளந்திருக்கிறீர்கள். அதிர்கிற திசைகளைப் பிரித்துப் பார்த்தீர்களா?

கைடு தலையைக் குனிந்து தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தாள். கேள்வி புரியாமல், எல்லோரும் தன் மகளையே பார்ப்பதில் பூரித்துப்போய் அய்யா சிரித்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார். பார்க்கவில்லை," என்றாள்.

"பார்த்திருந்தால் சுவையாக ஏதாவது கிடைத்திருக்கும்," என்றார் கிழவர். இனி செய்ய வேண்டிய வேலை என்று அதைத் தேர்வுக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். கைடு உடனே தலையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்ததும் அய்யா கேட்டார், "கடேசில அந்தப் பெரியவரு என்னத்தா கேட்டாரு?"

"ஒண்ணுமில்லய்யா. ஒரு வேலயப் பாத்தியான்னு கேட்டாரு."

"நீ பாக்காத வேலையா!" என்றார் அவர்.

அக்கா பாதாம்பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

வேலை நிலைத்தது. பெயர்ப்பலகையில் முனைவர் என்று சேர்ந்தது. நூலகத்துக்குப் பின்னாலிருந்த அறையில் மறுபடி நாற்காலிகளைப் போட்டார்கள். சாம்பாரை மட்டும் முன்போலவே திட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் ஒரு கருத்தரங்கு. சிறப்பு விருந்தினராக வந்தது கைடின் அடுத்த மாணவன். ஆராய்ச்சியை முடித்துப் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தான். நல்ல பையன், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கர்வம் இல்லை, பியூனுக்கும் வணக்கம் வைத்தான். குறைக்கடத்தி லேசரில் தளவிளைவு எப்படி நிலைகுலைகிறது, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று படம் போட்டு விளக்கினான். ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது, சேர்த்துப் பார்த்தால் எதுவும் தெரிவதில்லை. வெளிநாடுகளில் பலர் இதைப் பார்த்திருந்தாலும், நம் பக்கத்தில் முதலில் கவனித்தவர் தன் பேராசிரியர்தான் என்று நன்றியோடு சொன்னான். ஒரு தேர்வாளர் போகிறபோக்கில் சொன்ன குறிப்பை விடாமல் பிடித்துக்கொண்டாராம். அதற்குப் புதிதாக ஒரு புராஜக்ட்டும் வாங்கினாராம். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டில் எங்களுக்கு எதிரே அவன் உட்கார்ந்தான். அவனாகவே ஆரம்பித்தான்.

"மேடம், உங்க தீசிஸ்தான் எனக்கு முதல் பாடம். அவ்வளவு சுத்தமா அளந்திருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நடுவுல ஒரு பட்டகத்தை வச்சிருந்தா எல்லாமே உங்களுக்குக் கிடைச்சிருக்கும். உங்களுக்கு எப்படி மேடம் அது தோணாமப் போச்சு?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அக்கா என் பாதத்தை அழுத்தி மிதித்தாள்.

"தோணல தம்பி," என்றாள்.

அவன் முகம் வாடியது. கேட்டிருக்கக் கூடாதோ என்று பதறிப்போய், "அப்ப உங்களுக்கு லேப் வசதியும் இல்லல்ல மேடம்," என்று அவனே சமாதானமும் சொன்னான்.

"ஆமா தம்பி. நல்லாச் சாப்பிடுங்க," என்று அவன் பக்கம் ரசத்தை நகர்த்தினாள்.

மாலையில் நன்றியுரை அக்காதான். துறையில் மூத்தவள் என்று அவள் தலையில் கட்டியிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். இப்போது சொல்வாள், மேடையிலாவது சொல்லிவிடுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. சொல்லாவிட்டாலும் கைடின் பெயர் வரும்போதாவது குரல் தடுக்கும், ஒரு நொடியாவது நிற்பாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். நிர்வாகத்துக்கு நன்றி சொன்னாள். முதல்வருக்குச் சொன்னாள். விருந்தினருக்குச் சொன்னாள். இந்தத் துறையில் நம் பகுதிக்கு வழிகாட்டிய, தன் மதிப்பிற்குரிய பேராசிரியருக்கும் நன்றி என்று அவர் பெயரை முழுப் பட்டங்களோடு சொன்னாள். குரல் எங்கேயும் தடுக்கவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை. ஒலிபெருக்கிக்காரன்கூட நல்ல குரல் என்று தலையாட்டினான். எனக்கு அழுகை வந்தது, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் நான் கணவர் ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனேன். அதன்பிறகு அக்காவைப் பார்க்கவில்லை. அவளை நினைத்தால் அவள் என்னைத் திட்டியதோ, மேசைக்கடியில் மிதித்ததோ எதுவும் எனக்கு வலிப்பதில்லை. அந்த நன்றியுரையில் ஒரு பிசிறும் இல்லாமல் வந்த அந்தக் குரலை மட்டும் இன்னும் பொறுக்க முடியவில்லை.